காலந்தவறாச் செய்தி

நுழையும்முன்

செய்தி சென்று சேர்ந்தால் போதும் என்பது அன்றாட வாழ்வின் வழக்கம். அது சற்று முன்போ பின்போ சேர்வதைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கைப்பேசியில் ஒரு படம் இறங்க இரண்டு நொடி கூடுதலானால் முகம் சுளிப்பதோடு முடிந்துவிடும். ஆனால், நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து தரையிறங்கிக்கொண்டிருக்கும் வானூர்தியின் உள்ளே, கணினிக்கும் கணினிக்கும் இடையே ஓடும் செய்தி காலந்தாழ்ந்தால், அது பொய்ச்செய்திக்கு ஒப்பாகும். அலுவலகத்திற்கெனப் பிறந்த ஈதர்நெட் என்னும் எளிய வலையமைப்பு, காலந்தவறாமையைக் கற்றுக்கொண்டு வானூர்திக்குள் ஏறிய வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

கம்பி வழியே கட்டளை

வானூர்தியின் தொடக்கக் காலத்தில், விமானியின் கைப்பிடிக்கும் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் தகடுகளுக்கும் இடையே எஃகு வடங்களும் கப்பிகளுமே இருந்தன. விமானி இழுத்தார், வடம் இழுபட்டது, தகடு அசைந்தது. வானூர்திகள் பெருத்தபோது நீர்ம அழுத்தம் விமானியின் கைவலிமைக்குத் துணை நின்றது. 1972ஆம் ஆண்டு மே 25 அன்று அமெரிக்காவின் நாசா, எஃப்-8 என்னும் போர் வானூர்தியிலிருந்து அவ்வடங்களை நீக்கிவிட்டு, எண்ணியல் கணினி வழியாக அதனைச் செலுத்திப் பார்த்தது. 1987ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று முதன்முறையாகப் பறந்த ஏர்பஸ் ஏ320, அம்முறையைப் பயணிகள் வானூர்திக்குக் கொண்டு வந்தது. விமானியின் கையசைவு எண்ணாக மாறிக் கணினிக்குள் நுழைகிறது, கணக்கிடப்படுகிறது, மின் கட்டளையாக வெளியேறித் தகட்டை அசைக்கிறது. இதனை மின்வழிக் கட்டுப்பாடு என்பர்.

எஃகு வடம் அறுபடலாம், துருப்பிடிக்கலாம். ஆனால், அது ஒருபோதும் 'சற்றுப் பொறு, இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்' என்று சொன்னதில்லை. கணினி வலையமைப்போ அவ்வாறு சொல்லக்கூடியது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1970களின் பிற்பகுதியில் உருவான ஏரிங்க் 429 என்னும் தரம், இச்சிக்கலை மிக எளிய வழியில் விலக்கியது. முறுக்கப்பட்ட ஓர் இணைக்கம்பியில் ஒரே ஒரு கருவிதான் பேசலாம். 20 கருவிகள் வரை கேட்கலாம். கேட்பவர் மறுமொழி சொல்ல விரும்பினால், அதற்கு வேறோர் இணைக்கம்பி வேண்டும். சொல்லப்படும் ஒவ்வொரு செய்தியும் 32 பிட் நீளமுடையது. அவற்றுள் முதல் 8 பிட்கள், சொல்லப்படுவது உயரமா, வேகமா, வெப்பநிலையா என்பதை அடையாளம் காட்டும். பெரும விரைவு நொடிக்கு 1,00,000 பிட்கள். பேசுபவர் ஒருவரே ஆதலால் குறுக்கீடு இல்லை, காத்திருப்பும் இல்லை. இன்றளவும் எண்ணற்ற வானூர்திகளில் இம்முறை பணியாற்றி வருகிறது. பழையது என்பதனால் மட்டும் எள்ளத்தக்கதன்று.

எனினும், பேசுவோர் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகின. இயந்திரம், எரிபொருள், சக்கரம், காற்றழுத்தம், காட்சித்திரை என ஒவ்வொன்றிற்கும் ஒரு கணினி வந்தது. ஒவ்வொரு கணினியும் தனக்கெனக் கம்பி கேட்டது. கம்பி என்பது எடை. எடை என்பது ஒவ்வொரு பயணத்திலும் எரியும் எரிபொருள். ஏர்பஸ் ஏ380 வானூர்தியில் ஓடும் மின்கம்பிகளின் மொத்த நீளம் 500 கிலோமீட்டருக்கும் மிகுதி. அந்நிறுவனத்தின் ஜெர்மனி, பிரான்சு நாட்டுப் பிரிவுகள் வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தியமையால், கம்பித் தொகுதிகள் பொருத்தும் இடத்தில் நீளம் போதாமல் நின்றன. இதனால் 2006ஆம் ஆண்டில் அவ்வானூர்தியின் வழங்கல் திட்டமே பெரிதும் பின்தங்கியது. கம்பியைக் குறைப்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இடையில் வேறு முயற்சிகளும் நிகழ்ந்தன. போர் வானூர்திகளுக்கென நொடிக்கு 10 லட்சம் பிட் விரைவுடைய பொதுப்பாட்டை ஒன்று அமைந்தது. போயிங் 777 வானூர்திக்கென அதனினும் இரு மடங்கு விரைவுடைய ஏரிங்க் 629 வந்தது. பின்னது சிறந்த படைப்பே. ஆயினும், பெரும்பாலும் ஒரே வானூர்தி வகைக்காகச் செய்யப்படும் மின்னணுச் சில்லு ஒருபோதும் மலிவாவதில்லை. அதே காலத்தில், உலகெங்கும் அலுவலக மேசைகளின் அடியில் ஈதர்நெட் சில்லுகள் கோடிக்கணக்கில் குவிந்துகொண்டிருந்தன. பொறியாளர்களின் பார்வை அப்பக்கம் திரும்பியது இயல்பே.

ஹவாய்த் தீவிலிருந்து அலுவலகத்திற்கு

1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், தீவுகளில் சிதறிக் கிடந்த கணினி முனையங்களை வானொலி அலைகளால் இணைத்தனர். அதற்கு அலோஹாநெட் என்று பெயரிட்டனர். அதன் விதி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பேச நினைத்தவுடன் பேசலாம். பிறருடைய பேச்சுடன் மோதிச் சிதைந்தால், சிறிது நேரம் கழித்து மீண்டும் பேசலாம். அக்கருத்தைக் கம்பிக்குக் கொண்டு வந்தவர் ராபர்ட் மெட்காஃப். கலிபோர்னியாவில் உள்ள செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நடுவத்தில் பணியாற்றிய அவர், 1973ஆம் ஆண்டு மே 22 அன்று எழுதிய குறிப்பில் ஈதர்நெட் என்னும் பெயர் இடம்பெற்றது. ஒளி பரவுவதற்கு ஊடகமாக 'ஈதர்' என்னும் பொருள் எங்கும் நிறைந்திருப்பதாகப் பழைய இயற்பியல் கருதியது. அக்கருத்து பொய்த்துப் போயினும் பெயர் நிலைத்துவிட்டது.

மெட்காஃபும் அவருடன் பணியாற்றிய டேவிட் போக்ஸும் ஹவாய் விதியைச் சற்றுத் திருத்தினர். பேசுமுன் கேட்க வேண்டும். கம்பி அமைதியாக இருந்தால் மட்டுமே பேச வேண்டும். இருவர் ஒருசேரத் தொடங்கிவிட்டால் இருவரும் நிறுத்திவிட வேண்டும். ஊர்க்கூட்டத்தில் இருவர் ஒரே நொடியில் வாய் திறந்து, இருவரும் நிறுத்தி, 'நீங்கள் சொல்லுங்கள்' என்று ஒருவரையொருவர் பார்ப்பது போன்றது இது. நிறுத்திய இருவரும் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அங்கேதான் தாயக்கட்டை உருள்கிறது. ஒவ்வொரு கணினியும் தற்போக்காக ஓர் எண்ணைத் தேர்ந்து, அவ்வளவு நேரம் பொறுக்கும். மறுபடியும் மோதினால், தேர்வதற்குரிய எண்களின் எல்லை இரு மடங்காக விரியும். இவ்வாறு 16 முறை முயன்றும் இயலாவிடில், அச்செய்தியைக் கைவிட்டுவிடும்.

கைவிட்டுவிடும் என்னும் சொல் கருதத்தக்கது. அலுவலகத்தில் அதனால் இழப்பொன்றும் இல்லை. மேலடுக்கு மென்பொருள் மீண்டும் அனுப்பிக்கொள்ளும். மலிவும் எளிமையும் கருதி உருவான அறிவார்ந்த ஏற்பாடு அது. ஆயினும், தற்போக்கின் கையில் வானூர்தியை ஒப்படைத்தல் இயலாது.

சராசரி என்னும் மயக்கம்

வலையமைப்பின் திறனைப் பேசுவோர் பெரும்பாலும் சராசரியைப் பேசுவர். 'சராசரியாக ஒரு மில்லி நொடியில் செய்தி சேர்கிறது' என்பது கேட்க இனியது. ஒரு லட்சம் செய்திகள் அரை மில்லி நொடியிலும், ஒரே ஒரு செய்தி ஐம்பது நொடியிலும் சேர்ந்தாலும் சராசரி ஒரு மில்லி நொடிதான். சராசரி ஆழம் மூன்றடி உள்ள ஆற்றில் இறங்கி மூழ்கியவரும் உண்டு.

மணிக்கு 900 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வானூர்தி, ஒரு நொடியில் 250 மீட்டர் கடக்கிறது. 10 மில்லி நொடியில் இரண்டரை மீட்டர் கடக்கிறது. கட்டுப்பாட்டுக் கணினி, ஒரு குறிப்பிட்ட கணத்தின் உயரத்தையும் சாய்வையும் கொண்டு அடுத்த கட்டளையைக் கணக்கிடுகிறது. அவ்வளவை சில நேரம் விரைந்தும் சில நேரம் தாழ்ந்தும் வந்தால், கட்டளை முன்பின்னாகித் திருத்தமே பிழையாகிவிடும். எனவே, வானூர்திப் பொறியாளர் கேட்கும் வினா வேறு. 'எத்துணை விரைவில் சேரும்?' என்று அவர் கேட்பதில்லை. 'எவ்வளவு மோசமான நிலையிலும் எத்துணை நேரத்திற்கு மேல் ஆகாது?' என்று கேட்கிறார். இவ்வினாவிற்கு மெய்ப்பிக்கத்தக்க விடை தரும் ஈதர்நெட்டையே காலஉறுதி ஈதர்நெட் என்கிறோம்.

முதற்படியாக மோதல் ஒழிக்கப்பட்டது. பொதுக்கம்பிக்கு மாற்றாக, ஒவ்வொரு கணினியும் சுவிட்ச் எனப்படும் நடுவண் கருவியுடன் தனித்தனியே இணைக்கப்பட்டது. போக ஒரு வழி, வர ஒரு வழி என இரண்டும் பிரிந்திருப்பதால் மோதலுக்கே இடமில்லை. ஆனால், மோதல் ஒழிந்த இடத்தில் வரிசை பிறந்தது. ஐந்து கணினிகள் ஒரே கணத்தில் ஆறாவது கணினிக்குச் செய்தி அனுப்பினால், சுவிட்சின் வெளிவாயிலில் நான்கு செய்திகள் காத்து நிற்கும். வரத்து மிகுந்தால் நினைவகம் நிரம்பி வழியும். ஏரி நிறைந்தால் மிகுதி நீர் கலங்கல் வழியே வெளியேறுவது போல, இங்கே மிகுதிச் செய்திகள் வெளியேறிக் காணாமற்போகும்.

மெய்நிகர் இணைப்பு

இவ்வரிசையை அடக்க, ஏர்பஸ் நிறுவனம் ஏ380 வானூர்திக்காக வகுத்த முறையே ஏஎஃப்டிஎக்ஸ். பின்னர் அது ஏரிங்க் 664 தரத்தின் ஏழாம் பகுதியாக வெளியாகி, பிற நிறுவனங்களுக்கும் பொதுவாயிற்று. போயிங் 787 வானூர்தியும் இத்தரத்தையே ஏற்றது. போட்டியாளர்கள் இருவரும் ஒரே விதியை ஏற்றுக்கொள்வது தொழில் உலகில் அடிக்கடி நிகழ்வதன்று.

இம்முறையின் உயிர்நாடி மெய்நிகர் இணைப்பு. பழைய ஏரிங்க் 429 கம்பியை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். ஒருவர் பேச, பலர் கேட்கும் அந்தத் தனிக்கம்பி இங்கே கண்ணுக்குத் தெரியாத கம்பியாகிறது. ஒரே ஈதர்நெட் கம்பியில் பல மெய்நிகர் இணைப்புகள் ஓடும். ஒவ்வொன்றிற்கும் 16 பிட் அடையாள எண் உண்டு, அனுப்புநர் ஒருவர், பெறுநர் ஒருவரோ பலரோ. எந்த எண்ணுடைய செய்தி எந்த வாயில் வழியே செல்ல வேண்டும் என்பது வானூர்தி பறப்பதற்கு நெடுநாள் முன்பே முடிவு செய்யப்பட்டுச் சுவிட்சில் எழுதி வைக்கப்படுகிறது. அலுவலகச் சுவிட்ச், யார் எங்கிருக்கிறார் என்பதைத் தானே கற்றுக்கொள்ளும். வானூர்திச் சுவிட்சுக்கு அந்த உரிமை இல்லை.

ஒவ்வொரு மெய்நிகர் இணைப்பிற்கும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, செய்தியின் பெரும நீளம். மற்றொன்று, ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே இருக்க வேண்டிய சிறும இடைவெளி. இதனை ஒதுக்கீட்டு இடைவெளி எனலாம். அது 1, 2, 4, 8 என இரட்டித்து 128 மில்லி நொடி வரை அமையும். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளரைக் கண்டிருப்பர். ஒரே தடத்தில் ஓடும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்துக் கிளம்ப அவர் விடமாட்டார். கையில் உள்ள அட்டவணையின்படி, உரிய நிமிடம் வந்தால்தான் விசில் ஊதுவார். அனுப்பும் கணினியின் வாயிலில் அத்தகைய நேரக் காப்பாளர் ஒருவர் ஒவ்வொரு மெய்நிகர் இணைப்பிற்கும் அமர்த்தப்பட்டுள்ளார் எனக் கொள்ளலாம்.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஓர் இணைப்பின் பெரும நீளம் 200 பைட். இடைவெளி 8 மில்லி நொடி. 200 பைட் என்பது 1,600 பிட். 8 மில்லி நொடிக்கு 1,600 பிட் எனில், நொடிக்கு 2,00,000 பிட். கம்பியின் மொத்தத் திறன் நொடிக்கு 10 கோடி பிட். ஆகவே, அவ்விணைப்பு எவ்வளவு முயன்றாலும் கம்பியின் ஐந்நூறில் ஒரு பங்கிற்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவர் பங்கும் இவ்வாறு வரையறுக்கப்பட்டால், அனைவரும் ஒருசேர வந்தாலும் வரிசை எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டியே கூற முடியும்.

தெரிந்து தெளிவோம்

ஏரிங்க் 429 முறையில் ஒரு செய்தி, அதன்பின் விடவேண்டிய இடைவெளியுடன் சேர்ந்து, 36 பிட்களுக்கு உரிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 1,00,000 பிட் விரைவில் அது 360 மைக்ரோ நொடி. நொடிக்கு 10 கோடி பிட் விரைவுடைய ஈதர்நெட்டில், மிகச் சிறிய 64 பைட் செய்தி, அதன் முன்னொட்டும் இடைவெளியும் சேர, 84 பைட்களுக்கு உரிய 6.72 மைக்ரோ நொடியில் முடியும். அங்கே ஒரு செய்தி செல்லும் நேரத்தில் இங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட செய்திகள் செல்லும்.

உளறும் பேதை

விதியை வகுத்தல் எளிது; விதியை மீறுபவரை என்ன செய்வது? கணினி ஒன்று பழுதுற்று, ஓயாமல் பொருளற்ற செய்திகளைப் பொழியத் தொடங்கலாம். பொறியியலார் இப்பழுதிற்கு 'உளறும் பேதை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டுள்ளனர். பேசாமல் அடங்கிய கருவியால் வரும் கேடு சிறிது. அதன் இருக்கை காலி என்று தெரிந்துவிடும். உளறும் கருவியோ, தான் கெட்டதோடு நில்லாமல், நல்ல கருவிகளின் குரலையும் அமுக்கிவிடும். பொதுக்கம்பி வலையமைப்பில் இதற்குப் பணிந்து போவதன்றி வேறு வழி அரிது.

ஏஎஃப்டிஎக்ஸ் சுவிட்ச் எவரையும் நம்புவதில்லை. அனுப்பும் கணினி தன் இடைவெளியைக் காக்கிறது என்று அது எடுத்துக்கொள்வதில்லை. தானும் தனியே எண்ணுகிறது. ஒவ்வொரு மெய்நிகர் இணைப்பிற்கும் ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறது. காலம் செல்லச் செல்லக் கணக்கில் இருப்பு கூடும். ஓர் எல்லைக்கு மேல் கூடாது. செய்தி வரும்போது இருப்பிலிருந்து கழிக்கப்படும். இருப்புப் போதாதபோது வரும் செய்தி, உள்ளடக்கம் எதுவாயினும், வாயிலிலேயே வீழ்த்தப்படும். இதனால் பேதையின் உளறல் முதற்சுவிட்சைத் தாண்டுவதில்லை. விமானி அறையின் காட்சித்திரை அதனைக் கேட்பதே இல்லை.

இரட்டைத் தூது

சுவிட்சே பழுதானால்? கம்பி அறுந்தால்? அதற்காக வானூர்தியில் ஒரே மாதிரியான இரண்டு வலையமைப்புகள் உள்ளன. ஒன்று கெட்டபின் மற்றொன்றை எழுப்பும் ஏற்பாடு அன்று இது. எப்போதும் ஒவ்வொரு செய்தியும் இரு படிகளாக, இரு வழிகளிலும் செல்கிறது. செய்தியின் இறுதியில் ஒரு பைட் அளவில் வரிசை எண் உண்டு. பெறும் கணினி, முதலில் வந்து சேர்ந்த நல்ல படியை எடுத்துக்கொண்டு, அதே எண்ணுடன் பின்வருவதை ஒதுக்கிவிடும். ஒரு வழி முற்றிலும் அறுந்தாலும், கணினியின் பணியில் ஒரு மில்லி நொடி இடையறவும் ஏற்படாது.

தொலைந்த செய்தியை மீண்டும் கேட்டு வாங்கும் வழக்கம் இங்கே இல்லை என்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கலாம். காரணம் எளிது. உயரத்தைக் கூறும் செய்தி ஒன்று தொலைந்தால், அதனைத் திரும்பக் கேட்டுப் பெறுவதற்குள் புதிய உயரம் வந்துவிடும். நேற்றைய வானிலை அறிக்கையைத் தேடிப் பெறுவதால் இன்று குடை எடுக்கலாமா என்பது விளங்காது. மேலும், மறுமுறை அனுப்பும் செய்தி கணக்கில் இல்லாத செய்தி. அது பிறருடைய நேரத்தைத் தின்றுவிடும்.

கணக்கே சான்று

வானூர்தி வலையமைப்பின் மெய்யான சோதனை, ஆய்வுக்கூடத்தில் நிகழ்வதன்று, தாளில் நிகழ்வது. பெரும் பேரிழப்பை விளைவிக்கக்கூடிய பழுது, ஒரு பறப்பு மணிநேரத்தில் நிகழும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்பது பயணிகள் வானூர்திச் சான்றளிப்பின் அளவுகோல். நூறு கோடி மணிநேரம் என்பது, ஒரே வானூர்தி இரவுபகலாகத் தரையிறங்காமல் 1,14,000 ஆண்டுகள் பறப்பதற்கு ஒப்பாகும். எந்த நிறுவனம் அத்துணைக் காலம் ஓட்டிப் பார்க்க இயலும்? ஓராண்டு முழுதும் ஓட்டிப் பார்த்தோம், ஒரு செய்தியும் தாழவில்லை என்பது நற்செய்தியே; ஆனால் சான்றாகாது. மிக மோசமான சந்திப்பு இன்னும் நிகழாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே, அச்சந்திப்பை மனத்தில் நிகழ்த்திக் கணக்கிடுகின்றனர். ஒரு வெளிவாயிலில் ஐந்து இணைப்புகள் கூடுகின்றன. ஒவ்வொன்றின் செய்தியும் 500 பைட் எனக் கொள்வோம். முன்னொட்டும் இடைவெளியும் சேர 520 பைட், அதாவது 4,160 பிட். நொடிக்கு 10 கோடி பிட் விரைவில் ஒன்று வெளியேற 41.6 மைக்ரோ நொடி ஆகும். ஐந்தும் ஒரே கணத்தில் வந்தால், கடைசியில் நிற்கும் செய்தி முன்னுள்ள நான்கிற்காக 166.4 மைக்ரோ நொடி காத்திருக்கும். அதற்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. ஏனெனில், அடுத்த செய்தியை அனுப்ப ஒருவருக்கும் இன்னும் இடைவெளி முடிந்திருக்காது. ஒரு சுவிட்சுக்குக் கணக்கு இவ்வளவே. செய்தி பல சுவிட்சுகளைக் கடக்கும்போது கணக்கு சிக்கலாகிறது; முன் வாயிலில் தாழ்ந்த செய்திகள் அடுத்த வாயிலில் நெருங்கி வந்து சேரும்.

அச்சிக்கலை அவிழ்க்கும் கணிதத்திற்கு 1991ஆம் ஆண்டில் ரெனே குரூஸ் வெளியிட்ட ஆய்வுரைகள் அடித்தளமிட்டன. அதன் கருத்தை ஏரியைக் கொண்டு விளக்கலாம். ஏரிக்கு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நீர் வரலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பும், மடை குறைந்தது எவ்வளவு நீரை வெளியேற்றும் என்பதற்கு ஒரு தாழ் வரம்பும் தெரிந்தால், நீர்மட்டம் எவ்வளவுக்கு மேல் உயராது என்று கூறிவிடலாம். எந்த நாளில் எத்துணை மழை பெய்யும் என்பது தெரிய வேண்டியதில்லை. இக்கணிதத்தைப் பயன்படுத்தி, ஏ380 வலையமைப்பின் ஒவ்வொரு மெய்நிகர் இணைப்பிற்கும் காலத்தாழ்வின் மேலெல்லை கணக்கிடப்பட்டுச் சான்றளிப்போர் முன் வைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பிரான்சின் துலூஸ் நகரில் அவ்வானூர்தி முதன்முறையாக மேலெழுந்தது. 853 பயணிகள் வரை ஏற்றுவதற்கு அதற்குச் சான்று உண்டு.

இக்கணக்கிற்கு ஒரு விலையும் உண்டு. கணிதம் தரும் மேலெல்லை, நடைமுறையில் காணப்படும் தாழ்வைவிட மிகப் பெரிது. ஒருபோதும் நிகழாத சந்திப்பையும் அது நிகழும் என்று கொள்கிறது. அதனால், கம்பியின் பெரும்பகுதி வெறுமையாகவே விடப்படுகிறது. வீண் என்று கணக்கர் கூறலாம். வானூர்தியில் அமர்ந்திருப்பவர் அவ்வாறு கூறமாட்டார்.

கடிகாரம் ஏறிய வலை

ஏஎஃப்டிஎக்ஸ் முறையில் கணினிகளுக்குப் பொதுவான கடிகாரம் இல்லை. ஒவ்வொன்றும் தன் இடைவெளியை மட்டும் அறியும். எனவே, மேலெல்லை உறுதியாயினும், அதற்குள் செய்தி எப்போது வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஊசலாட்டத்தையும் ஒழிக்க, வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் கோபெட்ஸ் வளர்த்த காலத்தூண்டல் கருத்து கைகொடுத்தது. அனைத்துக் கருவிகளின் கடிகாரங்களும் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. முதன்மைச் செய்தி ஒவ்வொன்றிற்கும் புறப்படும் கணம் குறித்துத் தரப்படுகிறது. ஒற்றைத் தடத்தில் ஓடும் தொடர்வண்டிகளின் கால அட்டவணை போல, ஒன்று வரும் கணத்தில் மற்றொன்று அத்தடத்தில் இராது. இம்முறை டிடிஈதர்நெட் என்னும் பெயரில் 2011ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்டது. அட்டவணைச் செய்திகள், ஏஎஃப்டிஎக்ஸ் போன்ற இடைவெளிச் செய்திகள், எஞ்சிய நேரத்தில் செல்லும் பொதுச் செய்திகள் ஆகிய மூன்றும் ஒரே கம்பியில் இடம்பெறும். நாசாவின் ஓரியன் விண்கலம் இம்முறையைக் கொண்டது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 5 அன்று அது முதன்முறையாகப் புவியைச் சுற்றித் திரும்பியது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஏவப்பட்டு, நிலவைச் சுற்றி வந்தது.

கடிகாரத்தை நம்பும் முறைக்குக் கடிகாரமே வலுவற்ற இடம். ஒரு கடிகாரம் பிழையாக ஓடி, மற்றவற்றையும் தன் வழிக்கு இழுத்துவிட்டால் அட்டவணை முழுவதும் குலையும். ஆகவே, பல கடிகாரங்கள் தம்முள் ஒப்பிட்டு, விலகி நிற்பதை ஒதுக்கிவிட்டு, நடுவான நேரத்தை ஏற்கின்றன. தொழிற்சாலைகளுக்கும் ஊர்திகளுக்கும் எனப் பொது ஈதர்நெட் தரத்திலேயே கால அட்டவணை முறை 2015ஆம் ஆண்டு முதல் சேர்க்கப்பட்டு வருகிறது. அதன் வானூர்திக்குரிய வடிவத்தை வகுக்கும் பணியில் ஐஇஇஇ, எஸ்ஏஇ ஆகிய தர அமைப்புகள் இணைந்து ஈடுபட்டன. தாயக்கட்டை உருட்டிப் பேசத் தொடங்கிய ஈதர்நெட்டின் பொதுவிதிக்குள்ளேயே இப்போது கடிகாரம் வந்து அமர்ந்துவிட்டது.

கற்பவை கற்றபின்...

1. பெரும நீளம் 400 பைட், ஒதுக்கீட்டு இடைவெளி 16 மில்லி நொடி உடைய மெய்நிகர் இணைப்பு, நொடிக்கு எத்தனை பிட் திறனைப் பெறும்? கணக்கிட்டு, பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டுடன் ஒப்பிடுக.

2. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு மணிநேரம் நின்று, ஒரே தடத்தில் பேருந்துகள் புறப்படும் நேரங்களைக் குறித்துக்கொள்க. சராசரி இடைவெளியையும் பெரும இடைவெளியையும் கண்டறிந்து, பயணி ஒருவர்க்கு இவ்விரண்டனுள் எது இன்றியமையாதது என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.